கல்லறைத் தோட்டத்துப் பின்வரிசை

கல்லறைத் திருநாளுக்கு இரண்டே நாள்தான் இருந்தது. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்ததில், பொன்மலைக்கும் அரியமங்கலத்துக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புல் இடுப்பளவு எழும்பி நின்றது. முன்பக்கத்தை ஆட்கள் நான்கு நாளாகச் செதுக்கி வெள்ளையும் அடித்து முடித்துவிட்டார்கள். மீதி இருந்தது பின்வரிசைதான். வெள்ளைக்காரர் காலத்து ரயில்வேக்காரர்களைப் புதைத்த இடம். கல்லறை எது, புதர் எது என்றே தெரியாது. கேட்பாரும் இல்லை, வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவாரும் அநேகமாக இல்லை.

அதையும் மழித்துவிடுவது என்று பாக்கியமேரி முடிவு செய்திருந்தாள். தேவாலயப் பங்குப் பேரவையில் கல்லறைத் தோட்டம் அவள் பொறுப்பு. ரயில்வே பணிமனை அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. அவள் கணவர் அடைக்கலராஜ் முன்பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார், நான்கு வருடமாக. போன திருநாளன்று அவர் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்தபோது, சிலுவைக்குப் பின்னாலிருந்து ஒரு பாம்பு வழுக்கிக்கொண்டு போனது. கூட்டம் சிதறி ஓடியதில் ஒரு கர்ப்பிணிப் பெண் தடுக்கி விழுந்தாள். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே பாக்கியமேரி மனதுக்குள் தீர்மானம் போட்டுவிட்டாள்: அடுத்த வருஷம் இங்கே ஒரு புல் நிற்கக் கூடாது.

பேரவைக் கூட்டத்தில் அதை எதிர்த்துப் பேசியது ஷெர்லின் ஒருத்திதான். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள், முப்பது வயது. இரண்டு வருடமாக ஞாயிறு பூசை முடிந்ததும் கழுத்தில் பைனாகுலரும் கையில் நோட்டுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விடுவாள். அன்று அந்த நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு வாசித்தாள். ஐம்பத்தெட்டு வகைப் பறவை, நாற்பத்தொரு வகைப் பட்டாம்பூச்சி. கீரி, உடும்பு, மரநாய், உடைந்த கல்லறைக்குள் குடியிருக்கும் ஆந்தை ஜோடி.

"சுத்தி எல்லாமே வீடாயிடுச்சு ஆன்ட்டி. இதுங்க ஒதுங்கறதுக்கு இந்த ரெண்டு ஏக்கர்தான் மிச்சம். முன்பக்கம் எப்படி வேணா பண்ணிக்குங்க. பின்வரிசைய மட்டும் விட்டுடுங்க."

"செத்தவங்களுக்கு மரியாத மொதல்ல. உன் பட்டாம்பூச்சிக்கு அப்புறம்" என்றாள் பாக்கியமேரி.

எல்லோரும் சிரித்தார்கள். ஷெர்லின் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, காலை எட்டரைக்கு ஜேசிபி உள்ளே நுழைந்தபோது ஷெர்லினும் வந்திருந்தாள். தடுக்க வரவில்லை, எல்லாம் போவதற்குள் படமாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மதிற்சுவர் ஓரமாகக் கேமராவுடன் நின்றாள். பாக்கியமேரி அவளைப் பார்க்காதது போலவே வேலையைக் கவனித்தாள்.

குழி வெட்டும் அம்மாசி தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டே பாக்கியமேரியிடம் வந்தார். இந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக எல்லாச் சாவுக்கும் குழி வெட்டியவர் அவர்தான்.

"ம்மா, கடைசிக்கு முந்தின கல்லற இருக்கு பாருங்க, அது மட்டும் இப்ப வேணாம்மா. அடியில பொந்தா கெடக்கு. மழ வேற. இன்னொரு நாள் நானே பாத்துக்கறேன்."

"நாலு நாளா நீயும் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சாக்கு சொல்ற அம்மாசி. வேல செய்ய இஷ்டமில்லேன்னா சொல்லிடு. வேற ஆளப் பாத்துக்கறேன்."

அம்மாசி புல்லை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்த மனைவி ஜோதியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். துண்டை மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கல்லறை மேல் ஓர் அரசங்கன்று வேர்விட்டு, கல்லைப் பிளந்துகொண்டு நின்றது. அம்மாசி மேலே ஏறி வேரைப் பிடித்து இழுத்தார். பத்தடி தள்ளி டிரைவர் அழகிரியின் ஜேசிபி மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்தது, தரை அதிர்ந்தது. மூட்டை விழுந்தாற்போல ஒரு சத்தம். பாக்கியமேரி திரும்பிப் பார்த்தபோது கல்லறைக்கு மேலே அம்மாசியின் தலையும் மார்பும்தான் தெரிந்தன. கீழே இருந்த செங்கல் வளைவு உடைந்து அவரை உள்ளே வாங்கிவிட்டிருந்தது.

அவள் ஓடினாள். ஜோதியும் ஓடினாள்.

"வராதீங்க!" அம்மாசி தலையைத் திருப்பாமலே சொன்னார். குரல் சின்னதாக இருந்தது. "ஓடாதீங்க. அப்பிடியே நில்லுங்க. உள்ள விரியன் இருக்கு."

அப்போதுதான் அவள் காதிலும் விழுந்தது. குக்கர் விசிலடிக்கும் முன் ஆவி சீறுமே, அதே சத்தம். நிற்காமல், மூச்சு விடாமல், குழிக்குள்ளிருந்து.

ஷெர்லின் கேமராவைப் புல்லில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். நாலு காலில் மெதுவாகத் தவழ்ந்து வந்து, குழி விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"கண்ணாடி விரியன். பெருசு. அண்ணனோட வலது கால் கல்லுக்கு அடியில மாட்டியிருக்கு. அது மூலையில சுருண்டிருக்கு, முட்டிலேருந்து ஒரு முழம்தான். அது வர்ற பொந்து இடிஞ்சு அடைச்சுப் போச்சு. வெளிய போகணும்னா இவர் பக்கமாத்தான் வரணும்." பிறகு, பல நாளைக்கு அப்புறம் முதல் தடவையாக, பாக்கியமேரியை நேராகப் பார்த்தாள். "ஆன்ட்டி, ஜேசிபிய நிறுத்தச் சொல்லுங்க. தரை அதிர அதிர அதுக்குக் கோபம் ஏறும்."

அழகிரி நிறுத்தவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "பக்கெட்ட உள்ள விட்டு அந்தக் கல்ல ஒரு தூக்கு தூக்கினா ஆளு வெளிய வந்துடுவாரும்மா. ரெண்டு நிமிஷ வேல!"

வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "மண்ணெண்ணெய ஊத்துங்க, தானா செத்துப்போயிடும்" என்று கத்தினான். இன்னொருவன் இரும்புக் கம்பி தேடி ஓடினான். எல்லோரும் பாக்கியமேரியின் முகத்தைப் பார்த்தார்கள். இங்கே எதற்கும் உத்தரவு போடுகிறவள் அவள்தான். காலையில் போட்ட உத்தரவுதான் அம்மாசியை அந்தக் குழிக்குள் இறக்கியிருந்தது.

அவள் நேராக ஜேசிபிக்குப் போனாள். படியில் ஏறி, அழகிரியின் கைக்குக் குறுக்கே கையை நீட்டி, இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டாள்.

"எறங்கு. எல்லாரும் கேட் பக்கம் போய் நில்லுங்க. மெதுவா நடந்து போங்க. ஷெர்லின் சொல்றதுதான் இங்க நடக்கும்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குழியை நோக்கி மெதுவாக நடந்தாள்.

ஷெர்லின் அதற்குள் போனில் இருந்தாள். பாம்பு பிடிக்கும் சம்ரீன் அவளுக்குத் தெரிந்தவள். வனத்துறையே கூப்பிட்டு அனுப்புகிற ஆள். வீடு கே.கே. நகரில், பக்கம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் குளியலறையில் சாரைப் பாம்பு பிடிக்கப் போயிருந்தாள். காவிரிப் பாலம் தாண்டி, காலை நேர நெரிசலில் பாலக்கரை வழியாக வர வேண்டும்.

"நாப்பது நிமிஷமாம்" என்றாள் ஷெர்லின். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லியாயிற்று. கனமான வண்டி உள்ளே வரக் கூடாது, ரோட்டிலேயே நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

நாற்பது நிமிடம். அம்மாசியின் கழுத்தில் வியர்வை வழிந்தது. கண் அடிக்கடி செருகியது.

"அவருக்கு சுகருங்க" என்றாள் ஜோதி, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு. "காலையில ஒண்ணும் சாப்புடல. மயக்கம் வந்துடும்."

மயங்கினால் உடம்பு சரியும். சரிந்தால் பாம்பின் மேல்தான். அது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"யாராவது தோளத் தாங்கிப் பிடிச்சுக்கணும்" என்றாள் ஷெர்லின். "ஓரமெல்லாம் பழைய செங்கல். ஒரு ஆள்தான் தாங்கும், அதுவும் கனம் இல்லாத ஆளா இருக்கணும்."

ஜோதி முன்னால் வந்தாள். கை வெடவெடவென்று ஆடியது. "உங்க கை நடுங்குதுக்கா, வேணாம்" என்று ஷெர்லின் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பாக்கியமேரி செருப்பை விட்டாள். சேலையை இழுத்துச் செருகினாள். "நீ பாம்பப் பாரு. நான் புடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்ந்தாள். அம்மாசியின் இரண்டு கக்கத்துக்கும் அடியில் கையைக் கொடுத்துக் கோத்துக்கொண்டாள். அவர் முதுகு அவள் கன்னத்தில் அழுந்தியது. சட்டை முழுக்க நனைந்து, உடம்பு சூடாக இருந்தது. சீறல் அவள் முழங்கைக்கு நேர் கீழே கேட்டது.

"கடப்பாரை புடிச்சுப் பழகுன கைம்மா, பயப்படாதீங்க, நான் விழ மாட்டேன்" என்றார் அம்மாசி. அவருடைய நாக்கு குழறியது.

ஷெர்லின் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, கையை மட்டும் நீட்டி அவர் வாயில் வைத்தாள்.

பத்து நிமிடத்தில் பாக்கியமேரிக்குத் தோள் விட்டுப்போயிற்று. தலையைத் தூக்க முடியாது. கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்ததை மட்டும்தான் பார்க்க முடிந்தது. உடைந்த பளிங்கு ஓரத்தில் எருக்கஞ்செடி ஒன்று. இலைக்கு அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழு ஒன்று, சுற்றி நடப்பது எதையும் அறியாமல் விளிம்பிலிருந்து கடித்துத் தின்றுகொண்டே வந்தது. செம்பு நிற அரணை ஒன்று கல்லிடுக்கிலிருந்து தலையை நீட்டி, அவள் மூக்கைப் பார்த்து, திரும்பப் போயிற்று. எறும்புகள் அவள் மணிக்கட்டைப் பாலமாக்கிக்கொண்டு அம்மாசியின் தோளுக்கு ஏறின. கடித்தபோதும் அவள் கையை எடுக்கவில்லை. இருபது வருடமாக இந்தத் தோட்டத்துக்கு வந்து போகிறாள். இத்தனை கிட்டத்தில் தரையைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"அம்மாசி... தூங்காதீங்க. எதாவது பேசுங்க."

"என்னம்மா பேச."

"இது இங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நாலஞ்சு வருஷமாத் தெரியும்."

"அப்புறம் ஏன் காலையிலயே சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? எண்ணெய ஊத்திக் கொளுத்துவீங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "இந்தப் பெருச்சாளி இருக்கு பாருங்க. புதுக் குழி மண்ணு எளக்கமா இருக்குமில்ல, ராவோட ராவா தோண்டிப்புடும். முன்னாடியெல்லாம் காலையில வந்து பாத்தா... வேணாம்மா, அத விடுங்க. நான் யாருக்கும் தெரியாம மண்ணள்ளிப் போட்டு மூடிருவேன். இதும் கீரியும் ஆந்தையும் வந்து சேந்த பொறவுதான் அடங்குச்சு. சார அடக்கம் பண்ணப்ப, ஒரு நகம் படல அந்தக் குழியில."

சார் என்றது அடைக்கலராஜை. அந்தக் குழியை வெட்டியவரும் அவர்தான். பாக்கியமேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது மதிலுக்கு அப்பால் ஹார்ன் கேட்டது.

"கூட்ஸ் வருது" என்றாள் ஷெர்லின் மெல்ல. "ஐயோ."

முதலில் வயிற்றில்தான் தெரிந்தது. தரை லேசாகக் குறுகுறுத்தது. பிறகு செங்கல் தூள் சலசலவென்று குழிக்குள் கொட்ட ஆரம்பித்தது. பெட்டி பெட்டியாகத் தடதடத்துக்கொண்டு வண்டி போனது, போய்க்கொண்டே இருந்தது. சீறல் ஓங்கி, திடீரென்று நின்றுபோனது. சீறல் கேட்காதது சீறலைவிடப் பயமாக இருந்தது.

"கிளம்பிடுச்சு" என்றாள் ஷெர்லின். "அண்ணே, அசையாதீங்க. தயவுசெஞ்சு அசையாதீங்க."

"கால் மேல ஏறுது" என்றார் அம்மாசி. உதடு மட்டும் அசைந்தது. "தொடைக்கு வந்துருச்சு."

அவர் நெஞ்சு அவள் கைகளுக்குள் மத்தளம் போல் அடித்துக்கொண்டது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. ஐம்பது வருடமாகச் சொல்லிவந்த செபம் மறந்துபோயிற்று. அம்மாசியின் விலாவுக்கும் தன் முன்கைக்கும் நடுவே இருந்த இடைவெளியில், பழுப்பு நிறத்தில், சங்கிலி சங்கிலியாகக் கோத்தாற்போன்ற வட்டங்களோடு தடித்த உடம்பொன்று மெதுவாக மடிந்து படிவதை அவள் பார்த்தாள். தலை அவள் கட்டை விரலிலிருந்து மூன்று விரற்கடைத் தூரத்தில் இருந்தது. முக்கோணத் தலை. கண் இமைக்கவில்லை. நாக்கு வந்து வந்து போயிற்று. வெயில் பட்ட இடத்துக்கு வந்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது.

அவள் மூச்சை இழுத்ததும் இல்லை, விட்டதும் இல்லை. கையை எடுத்துவிடு என்று உடம்பு முழுக்கக் கதறியது. எடுத்தால் அம்மாசி சரிவார். கோத்த விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் புல்லில் யாரோ வெறுங்காலில் நடந்து வந்தார்கள்.

"அக்கா, நான் சம்ரீன்" என்றது அமைதியான ஒரு பெண் குரல். "தலையத் திருப்பாதீங்க. ரொம்ப நல்லாப் புடிச்சிருக்கீங்க. அப்பிடியே இருங்க. நான் உங்க இடது பக்கமா வரேன்."

கறுப்பு நிறக் கம்பியொன்று பாக்கியமேரியின் கன்னத்தை உரசாமல் உள்ளே இறங்கியது. அதன் முனை கொக்கி போல் வளைந்திருந்தது. பாம்பின் நடு உடம்புக்கு அடியில் அது நுழைவதற்கே ஒரு யுகம் ஆயிற்று. சட்டென்று சீறல் வெடித்தது. தலை பின்னால் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. கம்பியில் பல் மோதிய சத்தம் கேட்டது. அம்மாசியின் உடம்பு துள்ளப் பார்த்தது. பாக்கியமேரி தன் முழுப் பலத்தையும் போட்டு அவரை அமுக்கிப் பிடித்தாள். "அண்ணே, இருங்கண்ணே, இருங்க, இருங்க" என்று அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாரம் ஒன்று அவள் முன்கையைத் தடவிக்கொண்டு மேலே போயிற்று. குளிர்ந்து, சொரசொரப்பாக, கனமாக இருந்தது. பிறகு இல்லை.

"வந்துடுச்சு" என்றாள் சம்ரீன்.

கேட்டருகே நின்ற கூட்டம் அதற்குள் நெருங்கிவிட்டது. சம்ரீன் பாம்பைக் கம்பியில் தாங்கிக்கொண்டு, தான் கொண்டுவந்து தரையில் வைத்திருந்த, பை கட்டிய குழாயை நோக்கி நடந்தபோது, அழகிரி மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு குறுக்கே வந்தான். "கீழ போடும்மா அத. ஒரே போடு!"

பாக்கியமேரி எழப் பார்த்தாள். மரத்துப்போன கை ஊன்றக் கூட வரவில்லை. ஆனால் ஜோதி எழுந்து அவன் முன்னால் போய் நின்றுவிட்டாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் கண்ணில் இப்போது நெருப்புப் பறந்தது.

"மம்மட்டியக் கீழ போடுய்யா! மடியில ஏறிப் படுத்தும் என் புருஷனக் கடிக்காம விட்டிருக்கு. நீ யாரு அத அடிக்க?"

அழகிரி பின்வாங்கினான். விரியன் குழாய்க்குள் இறங்கி, பைக்குள் போனது. சம்ரீன் பையை முறுக்கிக் கட்டியபோதுதான், அவள் நெற்றி முழுக்க வியர்த்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து கல்லை நெம்பி அம்மாசியைத் தூக்கினார்கள். கணுக்கால் முறிந்திருந்தது. வேறு காயம் இல்லை. ஆம்புலன்ஸில் ஜோதியோடு பாக்கியமேரியும் ஏறிக்கொண்டாள்.

கட்டுப் போட்டு முடியப் பிற்பகலாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியமேரி வாங்கிவந்த டீ ஜோதியின் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"அவரு வேணாம்னு சொன்னப்பவே கேட்டிருக்கலாம்ல நீங்க?" என்றாள் ஜோதி. குரலில் கோபம்கூட இல்லை.

"கேட்டிருக்கணும்" என்றாள் பாக்கியமேரி. சமாதானம் சொல்ல வராதது நல்லதென்றே பட்டது.

அன்று மாலை பங்குத்தந்தைக்குப் போன் செய்து, பின்வரிசையை இனித் தொடப்போவதில்லை என்று சொன்னாள். முசிறிக்குத் தியானம் நடத்தப் போயிருந்த சாமியார், "சனங்க கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"நானே சொல்லிக்கறேன் சாமி" என்றாள்.

திருநாளன்று மாலை தோட்டம் முழுக்கக் கூட்டம். சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் சாம்பிராணிப் புகையுமாக இருந்தது. சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும் மந்திரிப்பு தொடங்கும் முன் பாக்கியமேரி மைக் முன்னால் போய் நின்றாள். பேசி முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்த வேண்டிவந்தது. அம்மாசி எச்சரித்தும் தான் கேட்காமல் அனுப்பியதை, அவரைச் சோம்பேறி என்று நினைத்ததை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். "அவர் கால் முறிஞ்சதுக்கு நான்தான் காரணம். பின்வரிசை அப்படியேதான் இருக்கும். இதுல யாருக்காவது வருத்தம்னா என்கிட்ட வந்து பேசுங்க, அவர்கிட்டயோ ஷெர்லின்கிட்டயோ போகாதீங்க."

முணுமுணுப்பு எழுந்தது. "பாம்புக்குப் பண்ணை வெச்சுக் குடுக்கறாங்க" என்று யாரோ பின்னாலிருந்து சத்தமாகவே சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். அன்று பேரவையில் சிரித்தவர்கள்தான். பாக்கியமேரிக்கு முகம் சுட்டது. மைக்கை விட்டு இறங்கியவளுக்கு ஷெர்லின் தன் பக்கத்தில் இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.

மந்திரிப்பு முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். செபஸ்தியான் என்று பெயர் சொன்னார். சென்னையிலிருந்து வந்திருந்தார். அவருடைய தாத்தா பின்வரிசையில் இருக்கிறாராம். ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக வேலை பார்த்தவராம்.

"வருஷத்துக்கு ஒருக்கா வரேன். ஒரு மெழுகுவர்த்தி ஏத்தாம எப்படிம்மா போறது?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். புதரைப் பார்த்த கண்ணில் பயமும் இருந்தது.

பாக்கியமேரி மேற்கே பார்த்தாள். வெளிச்சம் இன்னும் அரை மணி நேரத்துக்கு இருந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டாள்.

"எந்தக் கல்லறைன்னு காட்டுங்க. என் காலடி வெச்ச எடத்துலயே கால வெச்சு வாங்க."

கழியால் தரையைத் தட்டித் தட்டி, இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று, அவள் முன்னால் நடந்தாள். மெழுகுவர்த்திகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார்.